விம்பிள்டனில் வென்ற லீலா ராவ்

நுழையும் முன்

திருவனந்தபுரத்தில் வாழும் மாணவர்கள் கவடியார் பகுதியில் உள்ள டென்னிஸ் கழகத்தைக் கண்டிருப்பர். கேரள விளையாட்டுத் துறையின் முன்னோடியாகிய கோதவர்ம ராஜாவின் முயற்சியால் 1938ஆம் ஆண்டு அக்கழகம் தோன்றியது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, இந்தியப் பெண் ஒருவர் உலகின் புகழ்மிக்க டென்னிஸ் அரங்காகிய விம்பிள்டனில் ஆடி வெற்றி பெற்றார். அவர் பெயர் லீலா ராவ். மட்டை பிடித்த அவருடைய கை, பின்னாளில் எழுதுகோலும் பிடித்தது. வீட்டில் ஒரு மொழியும் வெளியில் வேறு மொழிகளும் பேசி வளர்ந்த அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

கல்வி மணந்த இல்லம்

லீலா ராவ் 1911ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். பம்பாய் என்பது இன்றைய மும்பையின் பழைய பெயர். தந்தை ராகவேந்திர ராவ் அந்நகரில் பெயர்பெற்ற மருத்துவர். தாய் க்ஷமா ராவ் வடமொழிக் கவிஞர். பண்டிதை என்னும் பட்டத்தோடு சேர்த்தே அறிஞர்கள் அவரை அழைத்தனர்.

லீலாவின் வாழ்க்கையை உணர்ந்துகொள்ள வேண்டுமானால், அவருடைய தாயின் இளமையை முதலில் அறிதல் வேண்டும். க்ஷமா 1890ஆம் ஆண்டு பிறந்தவர். அவருடைய தந்தை சங்கர் பாண்டுரங்க பண்டிதர், காளிதாசரின் நூல்களையும் அதர்வ வேதத்தையும் ஆராய்ந்து பதிப்பித்த பேரறிஞர். ஆயினும் மகளுக்குக் கற்பிக்க அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. 1894ஆம் ஆண்டு அவர் காலமானார். அப்போது க்ஷமா சிறு குழந்தை. தந்தையை இழந்த அக்குழந்தை உறவினர் ஆதரவில் வளர்ந்தது. பெண்கள் பள்ளிக்குச் செல்வதே அரிதாக இருந்த காலம் அது. அந்நிலையிலும் க்ஷமா விடாது பயின்றார். வடமொழியிலும் ஆங்கிலத்திலும் சிறந்து விளங்கிக் கல்லூரி வரை சென்றார்.

திருமணத்திற்குப் பின் கணவரோடு ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்றார் க்ஷமா. பிற மொழிகளைக் கற்றார். டென்னிஸ் ஆட்டத்தையும் கற்றார். பம்பாய் மாகாணத்தில் நடந்த போட்டிகளில் பெண்களுக்கான பட்டத்தை வென்றார். பகலில் ஆடுகளம், இரவில் ஏடு என அவருடைய வாழ்க்கை அமைந்தது. தாம் இளமையில் ஏங்கிப் பெற்ற கல்வி, தம் மகளுக்குத் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

லீலா பெரும்பாலும் இல்லத்திலேயே கல்வி பயின்றார். வீட்டில் மராத்தி ஒலித்தது. நூல்களில் வடமொழி ஒளிர்ந்தது. நகரில் குஜராத்தி, இந்தி, ஆங்கிலம் முதலிய பல மொழிகள் கலந்து வழங்கின. ஐரோப்பியப் பயணங்களால் பிரெஞ்சு மொழியும் அறிமுகமாயிற்று. பல மொழிகளுக்கு நடுவே வளர்ந்தபோதும், தாய் போற்றிய மொழியை லீலா கைவிடவில்லை. அம்மொழி அவருக்கு எந்த அளவு துணைநின்றது என்பதை அவருடைய பிற்கால வாழ்க்கை காட்டும்.

தாயின் வழியில் மகள்

டென்னிஸ் ஆட்டத்தைத் தமிழில் வரிப்பந்தாட்டம் என்பர். ஆடுகளத்தின் நடுவே வலை கட்டப்பட்டிருக்கும். வலையின் இரு புறமும் நிற்பவர்கள் மட்டையால் பந்தை அடித்து எதிர்ப்புறம் அனுப்புவர். பந்து வெள்ளைக் கோடுகளுக்குள் விழுதல் வேண்டும். பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றினும், இவ்வாட்டத்திற்குக் கால்களின் விரைவும் கண்களின் கூர்மையும் மனத்தின் உறுதியும் தேவை.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவுக்கு வந்த இவ்வாட்டம், தொடக்கத்தில் அதிகாரிகளின் மன்றங்களுக்குள் அடங்கியிருந்தது. அம்மன்றங்கள் பலவற்றில் இந்தியருக்கு இடமில்லை. பெண்கள் ஆட்டங்களில் ஐரோப்பியப் பெண்களும் ஆங்கிலோ-இந்தியப் பெண்களுமே பெரும்பாலும் பட்டங்களை வென்றனர். அவர்களுள் ஜென்னி சாண்டிசன் என்பார் குறிப்பிடத்தக்கவர். 1929ஆம் ஆண்டிலேயே விம்பிள்டனில் ஆடிய பெருமை அவருக்கு உண்டு.

அத்தகைய சூழலில், தாய் ஆடிய ஆட்டத்தை லீலாவும் கைக்கொண்டார். பெண் பொது அரங்கில் ஓடியாடுதல் தகாது என்று பலர் எண்ணிய காலத்தில், தாய் முன்னரே களத்தில் இறங்கியிருந்தது மகளுக்கு வழியை எளிதாக்கியது. பந்தை வெறும் வலிமையால் அடிப்பதைவிட, எதிராளி இல்லாத இடத்தை அறிந்து அனுப்புவதே சிறந்த ஆட்டம். அந்நுட்பம் ஒருநாளில் வாராது. ஆண்டுக்கணக்கான பயிற்சியே அதைத் தரும்.

அப்பயிற்சியின் பயன் 1931ஆம் ஆண்டு வெளிப்பட்டது. அகில இந்தியப் போட்டியின் இறுதியாட்டத்தில் லீனா மெக்கென்னாவை வென்று லீலா முதல் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபதுகூட நிறையவில்லை. அன்று தொடங்கிய வெற்றி வரிசை 1943ஆம் ஆண்டு வரை நீண்டது. அந்தப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் ஒற்றையர் பட்டத்தை அவர் ஏழு முறை வென்றார். சில ஆண்டுகளில் இறுதியாட்டம் வரை வந்து பட்டத்தை இழந்ததும் உண்டு. ஆயினும் அடுத்த ஆண்டு மீண்டும் களத்தில் நின்றார். பிற்காலப் போட்டிகளில் மெஹர் துபாஷ் என்னும் வீராங்கனை அவருக்கு இணையான எதிராளியாக விளங்கினார்.

ஏட்டில் ஒரு போராட்டம்

லீலா தம் பட்டங்களை வெல்லத் தொடங்கிய அதே காலத்தில் நாடெங்கும் விடுதலைப் போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்தது. 1930ஆம் ஆண்டு காந்தியடிகள் தண்டியில் உப்பெடுத்தார். அப்போராட்டத்தைக் கண்டு மனம் உருகிய க்ஷமா ராவ், சத்தியாக்கிரக கீதை என்னும் வடமொழிக் காவியத்தை இயற்றினார். எளிய நடையில் அமைந்த அந்நூலை அன்றைய ஆட்சியின்கீழ் இந்தியாவில் வெளியிடுவது அரிதாக இருந்தது. ஆகவே அது 1932ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அச்சேறியது.

தாய் ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்த மக்களைப் பாடினார். மகள் ஆங்கிலேயரின் விளையாட்டில் தேர்ந்தார். இவ்விரண்டும் முரணாகத் தோன்றலாம். ஆயினும் ஒரே இல்லத்தில் இரண்டும் அருகருகே வளர்ந்தன. ஆட்சியை எதிர்ப்பவர் அவர்களிடமிருந்து நல்லதைக் கற்கவும் செய்யலாம். கற்றதில் அவர்களுக்கு நிகராக நிற்கவும் செய்யலாம். இவ்வெண்ணத்திற்கு விம்பிள்டன் களம் ஓர் உரைகல்லாக அமைந்தது.

விம்பிள்டன் களத்தில்

இலண்டன் மாநகரின் ஒரு பகுதி விம்பிள்டன். அங்கு 1877ஆம் ஆண்டு முதல் டென்னிஸ் போட்டி நடைபெற்று வருகிறது. பெண்களுக்கான ஒற்றையர் போட்டி 1884ஆம் ஆண்டு தொடங்கியது. அப்போட்டி இன்றும் புல்தரையிலேயே நடைபெறுகிறது. புல்தரையில் விழும் பந்து தாழ்ந்து, வழுக்கி, விரைந்து வரும். மண்தளத்தில் பழகியவர்கள் அங்குத் தடுமாறுவது இயல்பு.

1934ஆம் ஆண்டு லீலா ராவ் விம்பிள்டனில் ஆடினார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. அக்காலத்தில் பம்பாயிலிருந்து இங்கிலாந்து செல்லும் கப்பல், அரபிக் கடலையும் செங்கடலையும் சூயஸ் கால்வாயையும் கடந்து வாரக்கணக்கில் செல்லும். அத்தனை தொலைவிலிருந்து வருபவர் முதலாட்டத்தில் தோற்றால், அன்றோடு ஒற்றையர் போட்டி முடிந்துவிடும். மறு வாய்ப்புக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

முதல் சுற்றில் அவரை எதிர்த்து ஆடியவர் பிரித்தானிய வீராங்கனை கிளாடிஸ் சவுத்வெல். மூன்று செட்டுகளில் இரண்டை வெல்பவரே வெற்றியாளர். முதல் செட்டை லீலா 4–6 என்று இழந்தார். இன்னும் ஒரு செட்டை இழந்தால் தோல்வி உறுதி.

இரண்டாம் செட்டின் அருமையை உணர, டென்னிஸ் கணக்கைச் சிறிது அறிய வேண்டும். ஒரு செட் என்பது பல கேம்களின் தொகுப்பு. ஆறு கேம்களை முதலில் வெல்பவர் அந்தச் செட்டை வெல்வார். ஆனால் எதிராளியைவிட இரண்டு கேம்களேனும் கூடுதலாக வென்றிருத்தல் வேண்டும். இன்று ஆறுக்கு ஆறு என்று சமநிலை வந்தால், டைபிரேக் என்னும் குறுகிய முறையால் செட்டை முடித்துவிடுவர். அம்முறை விம்பிள்டனுக்கு வந்தது 1971ஆம் ஆண்டில்தான். 1934இல் அது இல்லை. இரண்டு கேம் வேறுபாடு வரும் வரை ஆட்டம் நீண்டுகொண்டே செல்லும்.

இரண்டாம் செட் 10–8 என்ற கணக்கில் முடிந்தது. இவ்வெண்களிலிருந்தே அந்த ஆட்டத்தின் போக்கை ஊகிக்கலாம். ஐந்துக்கு ஐந்து, ஆறுக்கு ஆறு, ஏழுக்கு ஏழு, எட்டுக்கு எட்டு என்று நான்கு முறை இருவரும் சமமாக நின்றனர். ஒவ்வொரு முறையும் ஒருவர் ஒரு கேம் முந்த, மற்றவர் உடனே அதை ஈடுசெய்தார். எட்டுக்கு எட்டு என நின்ற வேளையில் இருவரின் நிலையும் ஒன்றாகத் தோன்றும். உண்மையில் அவை ஒன்றல்ல. சவுத்வெல் தொடர்ந்து இரண்டு கேம்களை வென்றால் ஆட்டமே அவர் வசம். லீலா தொடர்ந்து இரண்டு கேம்களை வென்றாலோ, மூன்றாம் செட்டை ஆடும் உரிமை மட்டுமே கிட்டும். அந்நிலையில் லீலா அடுத்த இரண்டு கேம்களையும் வென்றார். செட் அவருடையதாயிற்று.

பதினெட்டு கேம் நீண்ட அந்தச் செட்டுக்குப் பின் மூன்றாம் செட் தொடங்கியது. இம்முறை ஆட்டம் நீளவில்லை. லீலா 6–2 என்று வென்றார். முப்பத்தாறு கேம்கள் ஆடப்பட்ட அப்போட்டியில் அவர் வென்றவை இருபது, இழந்தவை பதினாறு. விம்பிள்டன் ஒற்றையர் ஆட்டம் ஒன்றில் வென்ற முதல் இந்தியப் பெண் என்னும் பெருமை அன்று லீலா ராவுக்கு உரியதாயிற்று.

தோல்வியும் ஒரு படி

இரண்டாம் சுற்றில் பிரான்சு நாட்டின் ஈடா அடமாஃபிடம் லீலா தோற்றார். அவ்வாண்டு பெண்கள் பட்டத்தை வென்றவர் இங்கிலாந்தின் டோரதி ரவுண்டு. அடுத்த ஆண்டு லீலா மீண்டும் விம்பிள்டன் சென்றார். இம்முறை முதல் சுற்றிலேயே ஈவ்லின் டியர்மன் என்பவரை எதிர்கொள்ள நேர்ந்தது. டியர்மன் அவ்வாண்டு ஆஸ்திரேலியப் போட்டியில் இரட்டையர் பட்டம் வென்றவர். அவரோடு மூன்று செட்டுகள் வரை போராடிய பின்னரே லீலா தோற்றார்.

விம்பிள்டனில் அவர் பெற்ற வெற்றி ஒன்றே. எண்ணிக்கையில் அது சிறிது. ஆயினும் அதுவரை எந்த இந்தியப் பெண்ணும் கடக்காத வாயிலை அவர் கடந்தார். முதலில் கடப்பவருக்கு வழிகாட்ட எவரும் இருப்பதில்லை. துணையாக நிற்க முன்மாதிரியும் இருப்பதில்லை. பின்வருவோர் அவரைக் கண்டு, தம்மாலும் இயலும் என்று துணிவர். முதல் வெற்றியின் மதிப்பு அதில்தான் உள்ளது.

1939ஆம் ஆண்டு இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1940 முதல் 1945 வரை விம்பிள்டன் போட்டி நடைபெறவில்லை. ஒரு விளையாட்டு வீரரின் சிறந்த ஆண்டுகள் சிலவே. லீலாவின் அத்தகைய ஆண்டுகள் சில போரில் கழிந்தன. ஆயினும் அவர் மட்டையைக் கீழே வைக்கவில்லை. நாட்டுக்குள் நடந்த போட்டிகளில் ஆடித் தம் ஏழாம் பட்டத்தை 1943ஆம் ஆண்டு வென்றார்.

ஏட்டுக்குத் திரும்பிய கை

அதே 1943ஆம் ஆண்டு லீலா, இந்தியக் குடிமைப் பணி அதிகாரியாகிய ஹரீஷ்வர் தயாளை மணந்தார். நாடு விடுதலை பெற்ற பின் தயாள் வெளியுறவுத் துறையில் உயர்ந்த பொறுப்புகளை வகித்தார். சிக்கிமிலும் பின்னர் அமெரிக்காவிலும் பணியாற்றினார். இறுதியாக நேபாளத்தில் இந்தியத் தூதராக விளங்கினார். பம்பாயின் கடற்கரையில் வளர்ந்த லீலாவின் வாழ்க்கை இவ்வாறு இமயமலைச் சாரல் வரை பரந்தது. 1964ஆம் ஆண்டு மே மாதம், எவரெஸ்ட் சிகரத்தை ஒட்டிய கும்பு பகுதியில் மலைப்பயணம் மேற்கொண்டிருந்தபோது தயாள் காலமானார்.

ஆடுகளத்தை விட்ட பின் லீலாவின் கவனம் கலையிலும் எழுத்திலும் சென்றது. இந்திய நடனக் கலையை ஆழ்ந்து ஆராய்ந்து ஆங்கிலத்திலும் வடமொழியிலும் எழுதினார். நிருத்த மஞ்சரி, நாட்டிய சந்திரிகா என்பன அவருடைய படைப்புகள். நாட்டிய சந்திரிகா, கையால் செய்த தாள்களில் வடமொழியில் எழுதப்பட்ட அரிய சுவடியாகும்.

1954ஆம் ஆண்டு தாய் க்ஷமா ராவ் மறைந்தார். அவர் காவியங்களோடு சிறுகதைகளும் எழுதியவர். சிற்றூர் மக்களின் போராட்டமும் பெண்களின் துயரமும் அக்கதைகளின் பொருள். வடமொழி என்றால் பழங்கதை மட்டுமே என்னும் எண்ணத்தை மாற்றியவை அவை. தாய் எழுதிய கதைகளை லீலா மேடைக்கு ஏற்ற ஓரங்க நாடகங்களாக வடமொழியிலேயே ஆக்கினார். பாலவிதவா என்பது அவற்றுள் ஒன்று. சிறுவயதில் கணவனை இழந்த பெண்ணின் நிலையைக் கூறுவது அது. குழந்தைப் பருவத்தில் தந்தையை இழந்த தாய் தேடிப் பெற்ற மொழி, மகளின் கையில் நாடகமாக மலர்ந்தது.

பல ஊர்களில் வாழ்ந்தவர் லீலா. ஒவ்வோர் ஊரிலும் அவ்வூரின் மொழி அவரைச் சூழ்ந்திருந்தது. அவற்றைக் கற்பதற்கு அவர் தயங்கவில்லை. அதேபோழ்து, இல்லத்தில் கற்ற மொழியை மறக்கவும் இல்லை. புதிய மொழிகள் வந்து சேர்வதால் பழைய மொழி தேய்ந்துபோக வேண்டியதில்லை என்பதற்கு அவருடைய நூல்களே சான்று.

வழி தொடர்ந்தோர்

லீலா ராவ் திறந்த வழியில் பலர் நடந்தனர். திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது நாகர்கோவில். அங்கு, அது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த காலத்தில், 1937ஆம் ஆண்டு பிறந்தவர் இராமநாதன் கிருஷ்ணன். 1954ஆம் ஆண்டு விம்பிள்டனில் இளையோர் பட்டம் வென்ற அவர், 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் ஆண்கள் ஒற்றையர் அரையிறுதி வரை முன்னேறினார்.

பெண்களின் வழி மேலும் நீண்டதாக இருந்தது. தொழில்முறை வீரர்களும் பங்கேற்கும் திறந்த போட்டிகளின் காலம் 1968ஆம் ஆண்டு தொடங்கியது. அக்காலத்தில், நான்கு பெரும் போட்டிகளுள் ஒன்றில் ஒற்றையர் ஆட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் கோயம்புத்தூரைச் சேர்ந்த நிருபமா வைத்தியநாதன். 1998ஆம் ஆண்டு ஆஸ்திரேலியப் போட்டியில் அவர் அவ்வெற்றியைப் பெற்றார். லீலாவின் வெற்றிக்கும் அதற்கும் இடையே 64 ஆண்டுகள். பின்னர் ஐதராபாத்தில் வளர்ந்த சானியா மிர்சா, 2015ஆம் ஆண்டு மார்ட்டினா ஹிங்கிசுடன் இணைந்து விம்பிள்டன் பெண்கள் இரட்டையர் பட்டத்தையே வென்றார்.

இவர்கள் அனைவருக்கும் முன்னே, எட்டுக்கு எட்டு என்னும் நிலையில் தளராது நின்ற ஒருவர் உண்டு. பட்டங்களின் பட்டியலில் அவர் பெயர் எளிதில் கண்ணில் படாது. ஆயினும் இந்தியப் பெண்கள் டென்னிஸ் வரலாற்றின் முதற்பக்கங்களில் லீலா ராவ் என்னும் பெயர் நிலைத்து நிற்கும்.

சொல்லும் பொருளும்

ஏடு – நூல்
வடமொழி – சமஸ்கிருதம்
உரைகல் – பொன்னின் தரத்தை உரைத்துப் பார்க்கும் கல்
ஊகித்தல் – கருதி அறிதல்
ஈடுசெய்தல் – குறையை நிரப்புதல்
சுவடி – கையால் எழுதப்பட்ட நூல்
ஓரங்க நாடகம் – ஒரே அங்கத்தில் முடியும் நாடகம்
சாரல் – மலையடிவாரம்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. லீலா ராவ் பிறந்த நகரம் ______.
2. சத்தியாக்கிரக கீதை அச்சேறிய நகரம் ______.
3. லீலா அகில இந்திய ஒற்றையர் பட்டத்தை ______ முறை வென்றார்.
4. விம்பிள்டனுக்கு டைபிரேக் முறை வந்த ஆண்டு ______.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. க்ஷமா ராவின் இளமைக் காலம் எவ்வாறு கழிந்தது?
2. புல்தரையில் ஆடுவது ஏன் கடினமானது?
3. இரண்டாம் உலகப்போர் லீலாவின் ஆட்டத்தை எவ்வாறு பாதித்தது?
4. திருவனந்தபுரத்திற்கு அருகில் பிறந்த டென்னிஸ் வீரர் யார்? அவர் அடைந்த சிறப்பு யாது?

இ. விரிவாக விடை எழுதுக.

1. எட்டுக்கு எட்டு என்ற நிலையில் லீலாவுக்கும் சவுத்வெல்லுக்கும் இருந்த வேறுபாட்டை விளக்குக.
2. விம்பிள்டனில் ஓர் ஆட்டம் மட்டுமே வென்ற லீலாவின் வெற்றி ஏன் போற்றத்தக்கது? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

ஈ. பிரித்து எழுதுக.

வரிப்பந்தாட்டம், முதலாட்டம், மலைப்பயணம், எழுதுகோல்

உ. மொழியோடு விளையாடு

1. களி என்னும் சொல் தமிழில் மகிழ்ச்சியைக் குறிக்கும். மலையாளத்தில் அது விளையாட்டைக் குறிக்கும். இவ்வாறு இரு மொழிகளிலும் வழங்கும் சொற்கள் ஐந்தினைத் திரட்டி, அவற்றின் பொருள் ஒன்றா, வேறா என எழுதுக.
2. ஆடுகளம் என்பது வினைத்தொகை. இதுபோன்ற வினைத்தொகைச் சொற்கள் மூன்றினை எழுதுக.

ஊ. செயல்திட்டம்

உம் வீட்டில் வழங்கும் மொழிகள், பள்ளியில் வழங்கும் மொழிகள், தெருவில் வழங்கும் மொழிகள் ஆகியவற்றைப் பட்டியலிடுக. தாத்தா அல்லது பாட்டியிடம் அவர்கள் ஊரில் ஆடிய விளையாட்டு ஒன்றைக் கேட்டறிந்து, அதன் விதிகளைப் பத்துத் தொடர்களில் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.